ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்திலிருந்து கண் தொடர்பாக வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கண் மருத்துவரும் பார்வைப் பரிசோதகரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என் மகளுக்கு 7 வயது. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை செய்து வலது கண் 6/6, இடது கண் 6/24 என்று எழுதிக் கொடுத்தார்கள். கண் தெரியவில்லை என்று பிள்ளை ஒரு நாளும் சொன்னதில்லை. டாக்டர் இடது கண்ணுக்கு +5 பவர் கண்ணாடி எழுதி, நல்ல கண்ணைத் தினமும் மூடி வைக்கவும் சொல்லியிருக்கிறார். "நல்ல கண்ணை எதுக்கு மூடணும், அதுவும் கெட்டுப்போகும்" என்று அப்பத்தா தடுக்கிறார். என்ன செய்ய?
— ஒரு தாய், பள்ளத்தூர்

டாக்டர் சொன்னபடி செய்யுங்கள், இந்த மாதமே தொடங்குங்கள். இதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர். 6/24 என்றால், சரியான பார்வை உள்ளவர் 24 மீட்டர் தள்ளி நின்று படிக்கும் எழுத்தை உங்கள் மகளின் இடது கண் 6 மீட்டரில் வந்துதான் படிக்கிறது. பிறந்ததிலிருந்தே அந்தக் கண்ணில் பிம்பம் மங்கலாக விழுந்ததால், மூளை அதை ஒதுக்கிவிட்டு வலது கண்ணை மட்டும் நம்பிப் பழகிவிட்டது. வலது கண்ணிலேயே எல்லாம் தெரிந்துவிடுவதால் பிள்ளைக்கும் குறை தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. பள்ளியில் ஒரு கண்ணை மூடிப் பார்த்ததால்தான் பிடிபட்டது.

முதலில் கண்ணாடி. காலையில் எழுந்ததும் போட்டால் இரவு படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும். படிக்கும்போது மட்டும் போட்டால் பலன் இல்லை. கண்ணாடியை மட்டும் ஒழுங்காகப் போட்டே 3, 4 மாதத்தில் இரண்டு வரி கூடுதலாகப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. இந்தப் பவரைக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து எழுதினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் கம்ப்யூட்டர் கருவிக்குள் பார்க்கும்போது கண்ணை இறுக்கிக் குவிப்பார்கள்; சொட்டு விடாமல் எடுத்தால் பிளஸ் பவர் குறைத்தே காட்டும்.

அடுத்தது கண்ணை மூடுவது. 6/24 அளவுக்கு வழக்கமாகத் தினம் 2 மணி நேரம் போதும். இதைவிடப் பார்வை மோசமாக இருந்தால் 6 மணி நேரம் வரை சொல்வார்கள். ஒட்டும் பட்டையைத் தோல் மேலேயே ஒட்டி, அதற்கு மேல் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி மேல் துணியோ காகிதமோ ஒட்டினால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்த்துவிடும், அந்த 2 மணி நேரமும் வீண். பள்ளியில் கேலி செய்வார்கள் என்றால் சாயங்காலம் வீட்டில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் கிட்டத்து வேலை கொடுங்கள்: வண்ணம் தீட்டுவது, பூக் கட்டுவது, பல்லாங்குழி. சோழியை எண்ணிப் போடும் ஆட்டம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். தோல் அரித்துச் சிவந்தால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பட்டைக்குப் பதில் நல்ல கண்ணில் சொட்டு விட்டுத் தற்காலிகமாக மங்கச் செய்யும் முறையும் இருக்கிறது.

அப்பத்தா பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மறுபரிசோதனைக்கே போகாமல் மாதக்கணக்கில் நாள் முழுவதும் மூடி வைத்தால் நல்ல கண்ணும் கொஞ்சம் மந்தமாகலாம். அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கண்ணையும் பார்க்கிறார்கள். பார்வை கூடியதும் சட்டென்று நிறுத்தாதீர்கள், கூடியது மறுபடி இறங்கும். நேரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 7 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். 12 வயது வரை முயல்வது வீண்போகாது. கண்ணாடிக்குப் பாலிகார்பனேட் வில்லை கேளுங்கள். இப்போதைக்கு அவளுக்கு நன்றாகத் தெரிவது ஒரு கண். அதில் பந்தோ குச்சியோ பட்டு வில்லை உடைந்து சில்லு ஏறக் கூடாது.

வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். தினசரி காலண்டரை வெளிச்சமான சுவரில் மாட்டி, பத்தடி தள்ளி நிற்கவைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, தேதிக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடுவார்கள். பிறகு மறு கண். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தால் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டிலிருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டை 4 வயதுப் பையன் அமுக்க, அது வெடித்துக் கண்ணில் தெறித்துவிட்டது. உடனே விளக்கெண்ணெய் விட்டார்கள். மதுரை போய்ச் சேர இரண்டு மணி நேரமானது. இப்போது கருவிழியில் வெள்ளை படர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்?
— உறவினர் ஒருவர், தேவகோட்டை

தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும், அதுவும் அந்த நிமிடமே. இந்தப் பகுதியில் இந்தப் பதில் எல்லா வீட்டுக்கும் தேவை என்பதால் விரிவாகவே எழுதுகிறோம்.

சுண்ணாம்பு கடுமையான காரம், அதாவது அமிலத்துக்கு நேரெதிர். அமிலம் பட்டால் கண்ணின் மேல்பரப்பிலுள்ள புரதம் உறைந்து, அந்த உறைவே ஓரளவு தடுப்பாக நின்றுவிடும். காரம் அப்படி நிற்காது. செல்களின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். சில நிமிடங்களில் கருவிழியைத் தாண்டிப் போய்விடும். எண்ணெய், நெய், தாய்ப்பால் எதுவும் இதைத் தடுக்காது. எண்ணெய் விட்டால் கழுவுவது தாமதமாகிறது, அவ்வளவுதான். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ மோரோ விட்டுவிடவே கூடாது.

பிள்ளையை ஒரு துண்டில் கையோடு சேர்த்துச் சுற்றிப் படுக்கவையுங்கள். அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் வருமாறு தலையைச் சாய்த்தால் கழுவிய நீர் மறு கண்ணுக்குப் போகாது. ஒருவர் இமை இரண்டையும் விரலால் விரித்துப் பிடிக்க, இன்னொருவர் சொம்பிலிருந்து மூக்கோரத்தில் தொடங்கிக் காதுப் பக்கமாக மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், பந்தியில் இருக்கும் கேன் தண்ணீர், எது கைக்கு எட்டுகிறதோ அது. உப்புக் கரித்தாலும் பரவாயில்லை, நல்ல தண்ணீர் தேடி ஓடாதீர்கள். குறைந்தது 30 நிமிடம். பிள்ளை கதறும், பார்ப்பவர்கள் "போதும் விடுங்க" என்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துத் தொடருங்கள்.

இடையில் கீழிமையை இழுத்தும் மேலிமையைத் தூக்கியும் பாருங்கள். சுண்ணாம்புக் கட்டி மேலிமைக்கு அடியில் ஒளிந்திருந்தால், எவ்வளவு ஊற்றினாலும் அங்கிருந்து காரம் கசிந்துகொண்டே இருக்கும். சுத்தமான துணி நுனியை நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியிலும் பாட்டில் தண்ணீரை விட்டுக்கொண்டே போகலாம். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ முதலில் எட்டும் மருத்துவமனையில் நிறுத்தி சலைன் பாட்டிலால் கழுவச் சொல்லுங்கள். அங்கே காரம் போய்விட்டதா என்று நிறம் மாறும் காகிதத்தால் பார்ப்பார்கள்.

கண் சிவக்காமல் வெள்ளையாக இருந்தால் லேசான காயம் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறு: கருவிழி ஓரத்து ரத்தக் குழாய்கள் கருகிப்போனால்தான் அப்படி வெளுத்துத் தெரியும். உங்கள் பையனுக்குக் கருவிழியைச் சுற்றியுள்ள, அதன் மேல்பரப்பைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்துத்தான் அடுத்த சிகிச்சையை முடிவு செய்வார்கள். கருவிழிப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் தொடர்ந்து காட்டுங்கள். வெள்ளை படர்ந்த கண்ணில் சோம்பேறிக் கண்ணும் சேர்ந்துகொள்ளும் வயது இது, அதையும் கேளுங்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகளில் சிமெண்டு குழைப்பவர்களுக்கும், பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு செய்யும் கொத்தனார்களுக்கும் இதே முதலுதவிதான். தாம்பூலத் தட்டில் பிளாஸ்டிக் பாக்கெட்டை வைப்பதை இனி விட்டுவிடலாமே. பழைய சுண்ணாம்புக் கரண்டகத்தில் மூடியோடு வைத்தால் யார் கண்ணும் போகாது.

நான் காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறேன், வயது 46. அறுந்த இழையைப் பிணைக்கும்போது தெரிவதில்லை. கடைத்தெருவில் +1.50 கண்ணாடி வாங்கினேன். பேப்பர் படிக்கத் தெளிவாக இருக்கிறது. தறியில் உட்கார்ந்தால் குனிந்து குனிந்து கழுத்து வலிக்கிறது.
— நெசவாளர்

கண்ணாடி சரிதான், தூரம்தான் உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி பொதுவாக 40 செ.மீ. தூரத்துக்குக் கொடுக்கப்படுவது, பேப்பர் பிடிக்கும் தூரம். தறியில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் துணிக்கும் 55, 60 செ.மீ. கூட இருக்கும். 40 செ.மீ.க்குக் கண் 2.5 பவர் குவிய வேண்டும் என்றால் 60 செ.மீ.க்கு ஏறக்குறைய 1.7 போதும். அதாவது உங்களுக்குத் தறியில் தேவைப்படுவது இதைவிடக் குறைந்த பவர், +1.00 அல்லது அதற்குக் கீழேகூட இருக்கலாம். கூடுதல் பவரைப் போட்டுக்கொண்டு, அது தெளியும் தூரத்துக்கு உடம்பைக் கொண்டுபோகிறீர்கள்.

தறியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணோரத்திலிருந்து துணி வரை டேப் வைத்து அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள். வேலைக்கு ஒரே பவர் கண்ணாடி தனியாக வைத்துக்கொள்வது நல்லது. இரட்டைப் பவர் கண்ணாடியில் கீழ்த்துண்டு வழியாகத் துணியைப் பார்க்க வேண்டுமென்றால் தாடையைத் தூக்க வேண்டிவரும், கழுத்து வலி வேறு இடத்துக்குப் போகும்.

கடைக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும், கண் வளைவின் கோணலைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் இருக்காது. தூரப் பார்வை இரண்டு கண்ணிலும் சரியாக இருப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் முறையான பரிசோதனையில் கண் நீர் அழுத்தத்தையும் (குளுக்கோமா) பார்த்துவிடுவார்கள். 40 வயதுக்கு மேல் அதுதான் பெரிய லாபம்.

சர்க்கரை நோய் வந்து 6 வருடம். கண் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் வருடா வருடம் சொட்டு மருந்து விட்டு அரை நாள் உட்காரவைக்கிறார்கள். அவசியமா?
— வாசகர், கோட்டையூர்

அவசியம். நன்றாகத் தெரியும்போதுதான் பார்க்க வேண்டும். சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களைப் பழுதாக்கும்போது வலி இருக்காது, மங்கலும் இருக்காது. விழித்திரையின் நடுப்பகுதி வீங்கினாலோ உள்ளே ரத்தம் கசிந்தாலோதான் தெரியவரும். லேசர் சிகிச்சை மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கும். போனதை அதிகம் மீட்டுத் தராது.

சொட்டு விட்டுக் கண் பாப்பா விரிய 20, 30 நிமிடம். அது அடங்க 4 முதல் 6 மணி நேரம். அன்றைக்கு இருசக்கர வண்டியில் போகாதீர்கள், துணைக்கு ஒருவரோடு பஸ்ஸில் போங்கள்; கூலிங் கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) அறிக்கையையும் ரத்த அழுத்தக் குறிப்பையும் கொண்டுபோங்கள். பட்டினி கிடந்து போகவேண்டிய பரிசோதனை அல்ல இது, வழக்கம்போல் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று: சர்க்கரை 300-ல் இருக்கும்போது கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். கண் வில்லையில் நீர் ஏறிப் பவர் மாறிக் காட்டும். சர்க்கரை இறங்கிச் சில வாரம் நிலையாக நின்ற பிறகு பார்த்தால்தான் அந்தக் கண்ணாடி உதவும். சர்க்கரை உள்ள பெண்கள் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

புதுவயல் அரிசி ஆலையில் வேலை. உமி விழுந்து கண் உறுத்தியது. மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு வலி அதிகமாகிவிட்டது.

இன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், அந்தச் சொட்டு மருந்துப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நெல், உமி, வைக்கோல், கரும்புத் தோகை இவற்றால் கருவிழி கீறினால் பூஞ்சைக் கிருமி ஏற வாய்ப்பு அதிகம். கடையில் கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால் சிவப்பையும் உறுத்தலையும் உடனே அடக்கும். அதனால் குணமானது போலத் தோன்றும். அடியில் பூஞ்சை தடையில்லாமல் வளரும். புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும். பூஞ்சை என்றால் மருந்தே வேறு, அதை வாரக்கணக்கில் விட வேண்டும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஒரு இரவுகூடப் பொறுக்காதீர்கள். உமி தூற்றும் இடத்தில் பக்கவாட்டையும் மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி போடுங்கள்.

ஆயாவுக்கு 72 வயது, இரண்டு கண்ணிலும் புரை. "நல்லாப் பழுக்கட்டும், அப்பறம் பார்க்கலாம்" என்கிறார்.
— பேரன், கண்டனூர்

அவர் சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்காத நாளில் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள்; பார்வை முழுதாகப் போகும் வரை காத்திருப்பதே மேல் என்று இருந்தது. மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோதும் அப்படித்தான். 1992-ல் அதே மதுரையில் ஆரோலேப் தொடங்கி வில்லையை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகு விலை குறைந்து, உள்விழி வில்லை எல்லோருக்கும் எட்டியது.

இப்போது கணக்கு வேறு. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே எடுத்துவிடலாம். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, படி தெரியவில்லை என்றால் போதும். முற்றிய புரை கல்லாக இறுகிவிடும். 2, 3 மி.மீ. துளையில் முடிய வேண்டியதைப் பெரிய துளை போட்டு எடுக்க வேண்டிவரும். அதற்கும் மேல் விட்டால் புரை உருகிக் கசிந்து கண் அழுத்தம் எகிறும். அப்போது வலியோடும் வாந்தியோடும் ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்து 4 முதல் 6 வாரம், எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். முதல் இரண்டு வாரம் கண்ணில் தண்ணீர் படக் கூடாது. ஊருணியில் முங்குவது ஒரு மாதத்துக்கு வேண்டாம். சமைக்கலாம், விறகடுப்பு ஊத வேண்டாம். முதல் வாரத்தில் வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

கண் நீர் அழுத்தத்துக்கு ஐயாவுக்கு இரண்டு சொட்டு மருந்து. பாதி கன்னத்தில்தான் வழிகிறது.
— வாசகி, கானாடுகாத்தான்

ஒரு நேரத்தில் ஒரு சொட்டு போதும். கண் அதற்கு மேல் தாங்காது, மீதி வழியத்தான் செய்யும். அண்ணாந்து கீழிமையை இழுத்து, பாட்டில் நுனி இமையில் படாமல் ஒரு சொட்டு. கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்துக் குழியை விரலால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். அது கண்ணீர்க் குழாய் வாய். அதை அடைத்தால் மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் போகாமல் கண்ணிலேயே நிற்கும். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. திறந்த பாட்டிலை 4 வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், திறந்த தேதியை மேலேயே எழுதிவையுங்கள். ஐயாவுக்கு வீசிங் இருந்தால் டாக்டரிடம் சொன்னீர்களா? டிமோலால் போன்ற சொட்டு மூச்சிரைப்பைக் கூட்டும், நாடித் துடிப்பைக் குறைக்கும்.

இது ரத்த சொந்தத்தில் வரும் நோய். ஐயாவின் தம்பி தங்கைகளும், 40 தாண்டிய பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஓரப் பார்வைதான் முதலில் குறையும் என்பதால் தாங்களாகக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பேத்தி சிங்கப்பூரில். 9 வயதில் மைனஸ் 3 பவர். ராத்திரி ஏதோ சொட்டு விடுகிறார்கள். லீவுக்கு வரும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— ஐயா ஒருவர், நாட்டரசன்கோட்டை

அது அநேகமாக மிகக் குறைந்த அளவு அட்ரோபின் மருந்து, 0.01 முதல் 0.05 சதவீதம். ஏறும் பவரின் வேகத்தைக் குறைக்கும், இருப்பதை இறக்காது. லீவிலும் விடாமல் போட வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவைத்தால் பவர் இறங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பவர் குறைத்துக் கண்ணாடி போடுவதாலும் பலன் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: தினம் 2 மணி நேரம் வெளியே விளையாட விடுங்கள். மர நிழலில்கூட வெளிச்சம் வீட்டு விளக்கைப் போலப் பல மடங்கு. வளவில் (வீட்டின் உள்கட்டில்) விளையாடினால் கணக்கில் வருமா என்றால், வானம் தெரியும் நடுமுற்றத்தில் வரும், தூண்களுக்குப் பின்னால் உள்ள பத்தியில் அவ்வளவாக வராது. செல்போனை முழங்கை நீளத்துக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

பச்சைக் குழந்தைக்கு 3 மாதம், ஒரு கண்ணில் நீர் வடிந்து பீளை கட்டுகிறது. மை வைக்கலாமா?

மை வேண்டாம், ஈயம் கலந்த மை உண்டு, விரலில் உள்ள கிருமியும் உள்ளே போகும். கண்ணீர்க் குழாயின் அடிப்பகுதி இன்னும் திறக்கவில்லை. நகம் வெட்டிய சுண்டு விரலைக் கண்ணின் மூக்கோரத்தில் வைத்து, கொஞ்சம் அழுத்தி மூக்கை ஒட்டிக் கீழே இழுங்கள். ஒரு தடவைக்கு 10 இழுப்பு, நாளுக்கு 4 தடவை. மெல்லத் தோலை வருடினால் போதாது, உள்ளே அழுத்தம் போக வேண்டும். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் திறந்துவிடும். நீரோடு வெளிச்சத்தைக் கண்டு கண்ணை மூடினாலோ, கருவிழி பெரிதாகவோ புகை படிந்தது போலவோ இருந்தாலோ அது வேறு நோய், அன்றைக்கே காட்டுங்கள். குறை மாதத்தில், 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தை என்றால், பிறந்த 4 வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை தனியாகச் செய்திருக்க வேண்டும்.

பொன்னாங்கண்ணி தினம் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றலாமா?

முடியாது. கீரை நல்லது, சாப்பிடுங்கள். பவர் என்பது கண்ணின் நீளத்தையும் வளைவையும் பொறுத்தது.

திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவது போல இருக்கிறது, கரும்பூச்சி பறக்கிறது.

புதிதாக வந்ததென்றால் ஒரு நாளுக்குள் விழித்திரையைக் காட்டுங்கள். ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல இருந்தால் அந்த மணி நேரமே கிளம்புங்கள். மைனஸ் 6-க்கு மேல் பவர் உள்ளவர்கள் கூடுதல் கவனம்.

சர்க்கரை இருந்தது, புரை அறுவையும் நடந்தது. அப்படிப்பட்டவர் இறந்தால் கண் தானம் செய்யலாமா?
— வாசகர், கல்லல்

செய்யலாம். எடுப்பது கருவிழியை, புரை அறுவையும் கண்ணாடியும் சர்க்கரையும் தடையில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, வெறிநாய்க்கடி, ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று இருந்தால் எடுக்க மாட்டார்கள். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் உறவினர்களுக்குச் சொல்லிவிடும்போதே கண் வங்கிக்கும் போன் போட்டுவிடுங்கள். அவர்கள் வரும் வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு அரையடி உயரத்தில் தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்; ஏசி இருந்தால் ஓடட்டும். 20 நிமிட வேலை, முகம் மாறாது. உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுக்காதவராக இருந்தாலும், பிள்ளைகள் சம்மதித்தால் போதும்.